கடலைக்கு உணவு, நெல் வேருக்கு நஞ்சு: கந்தகத்தின் கதை

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



சின்ன வெங்காயம் உரித்தால் கண்ணில் நீர் வருகிறது. தலைமுடி தீயில் பட்டால் ஒரு கருகல் நாற்றம் வருகிறது. நடவு வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பி, சில சமயம் அழுகின முட்டை வாடை அடிக்கிறது. இந்த மூன்றிலும் இருப்பது ஒரே பொருள்தான். அதுதான் கந்தகம். கந்தகம் என்றதும் நமக்குத் திருவிழா வாணமும் தீப்பெட்டியும்தான் ஞாபகம் வரும். ஆனால் புல் பூண்டு முதல் மாடு கன்று வரைக்கும், நம்மையும் சேர்த்து, கந்தகம் இல்லாமல் எந்த உயிரும் கிடையாது.

திண்டிவனம் பக்கம் ஒரு கடலைக் காட்டில் கண்டதைச் சொல்கிறேன். செம்மண் பூமி, இறவைக் கடலை. விதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கொழுந்தெல்லாம் வெளிறி மஞ்சளாக நின்றது.

"என்ன உரம் போட்டீங்க பெரியவரே?" என்று கேட்டேன்.

"அடியுரமா டி.ஏ.பி. போட்டேன் சார். மஞ்சளா இருக்கேன்னு யூரியா ரெண்டு தரம் வீசிட்டேன். பச்சை திரும்பவே மாட்டேங்குது. இன்னொரு தரம் போடலாமா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறை, தழைச்சத்துக்கு யூரியா என்றுதான் நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எந்த இலை மஞ்சள் என்று பார்க்கவேண்டும். தழைச்சத்துக் குறைந்தால் செடி தன் கிழட்டு இலையிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அப்படி லேசில் இடம் மாறாது. அடி இலை பச்சையாகவே இருக்கும், புதிதாக வரும் கொழுந்து மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் கொழுந்துதான் வெளிறும். ஆனால் அப்போது நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். கந்தகக் குறையில் நரம்பும் சேர்ந்தே மஞ்சளாகும். பெரியவர் காட்டில் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். நரம்பும் மஞ்சள்தான்.

அப்படியானால் போட்ட யூரியா என்ன ஆயிற்று? வேர் எடுத்தது. ஆனால் செடியால் அதை வைத்து வேலை செய்ய முடியவில்லை. செடி தழைச்சத்தைக் கொண்டு புரதம் கட்டுகிறது. புரதம் என்பது பலவகைக் கற்களை வரிசையாகக் கோத்துக் கட்டும் சுவர் மாதிரி. அதில் மெதியோனின், சிஸ்டீன் என்று இரண்டு கற்களில் கந்தகம் இருக்கிறது. எந்தப் புரதத்தைக் கட்ட ஆரம்பித்தாலும் வைக்கிற முதல் கல் மெதியோனின்தான். கந்தகம் இல்லையென்றால் முதல் கல்லே இல்லை. பிறகு எத்தனை வண்டி தழைச்சத்து வந்து இறங்கினாலும் அது வாசலில் கிடக்க வேண்டியதுதான்.

கடலை, உளுந்து, பயறு இவற்றுக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது அல்லவா? அந்த வேலையைச் செய்யும் நொதிக்குள்ளேயே இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொறி இருக்கிறது. கந்தகம் குறைந்தால் முடிச்சும் சரியாக வேலை செய்யாது. இலவசமாக வருகிற தழைச்சத்தும் போய்விடும்.

சரி, நம் தாத்தா காலத்தில் இந்தக் கோளாறை யாரும் பேசவில்லையே, இப்போது எங்கிருந்து வந்தது? ராணிப்பேட்டையில் 1906-ஆம் ஆண்டிலேயே சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பாறைப் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் செய்வது அது. அதனால் மணிச்சத்தோடு ஜிப்சமும் கூடவே வந்துவிடும். நூறு கிலோவில் சுமார் 11 கிலோ கந்தகம். தழைச்சத்துக்கு முன்பு பெரிதும் போட்டது அம்மோனியம் சல்பேட். அதில் நூற்றுக்குச் சுமார் 23 கிலோ கந்தகம். கேட்காமலே கந்தகம் நிலத்துக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்தன. மூட்டை தூக்குவது சுலபம், சத்து அதிகம். ஆனால் இரண்டிலும் கந்தகம் கிடையாது. தொழு உரமும் குறைந்தது. விளைச்சல் கூடக்கூட நிலத்திலிருந்து வெளியே போவதும் கூடியது. ஒரு டன் தானியம் விளைந்தால் சுமார் 3, 4 கிலோ கந்தகம் போகிறது. பயறு வகையானால் 8 கிலோ, எண்ணெய் வித்தானால் 12 கிலோ வரை. கடலைக்காரர் கை ஏன் முதலில் சுடுகிறது என்று இதிலேயே தெரியும்.

ஐரோப்பாவில் இதே கதை வேறு விதமாக நடந்தது. அங்கே ஆலைப் புகையில் கந்தகம் ஏராளமாக வந்து மழையோடு வயலில் இறங்கியது. அமில மழையென்று காடும் ஏரியும் கெட்டதால், 1980-களிலிருந்து புகையைச் சுத்தம் செய்தார்கள். காற்று சுத்தமானது. ஆனால் கடுகு இனப் பயிர்களில் கொழுந்து மஞ்சளாக ஆரம்பித்தது. இப்போது அவர்கள் கந்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்.

இனி மண்ணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மேல்மண்ணில் இருக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி மக்கின பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. வேர் அதை அப்படியே எடுக்காது. வேருக்கு வேண்டியது சல்பேட், அதாவது தண்ணீரில் கரைந்த கந்தகம். தழையையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் தின்று, தங்கள் தேவை போக மிச்சத்தைக் கடைசியில் சல்பேட்டாக விடுகின்றன. அதைத்தான் பயிர் குடிக்கிறது. சல்பேட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மணல்சாரி நிலத்தில் பெருமழை பெய்தால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மக்கும் குறைவு, மணலும் அதிகம் என்றால் அங்கே கந்தகம் தங்காது.

சில பாக்டீரியாக்களின் பிழைப்பு இன்னும் விசித்திரம். நாம் சோறு தின்று அதை உடம்பில் எரித்துப் பலம் பெறுகிற மாதிரி, அவை கந்தகத்தையே எரித்து உயிர் வாழ்கின்றன. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1887-ல் இதைக் கண்டு சொன்னார். மண்ணில் வெறும் கந்தகத் தூளைப் போட்டால், ஈரமும் காற்றும் கதகதப்பும் இருக்கும்போது இவை அதைக் கந்தக அமிலமாக மாற்றும். ஒரு கிலோ கந்தகம் சுமார் மூன்று கிலோ அமிலம் ஆகும். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு கலந்த களர் நிலத்தில் அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து, நிலத்துக்குள்ளேயே ஜிப்சம் செய்து கொடுக்கிறது. ஆனால் இதற்குச் சில வாரமாவது ஆகும். பயிர் மஞ்சளான பிறகு கந்தகத் தூளைப் போட்டுவிட்டு மறுநாள் பச்சையைத் தேடக்கூடாது. அவசரத்துக்குச் சல்பேட்டாக இருப்பதுதான் உதவும்.

இதுவரை சொன்னது காற்றோட்டமுள்ள மேட்டு நிலத்துக் கதை. நெல் வயலில் எல்லாம் தலைகீழ்.

தண்ணீர் கட்டின சேற்றில் காற்று ஓரிரு நாளிலேயே தீர்ந்துபோகும். அங்கே வாழும் உயிர்களுக்கும் மூச்சு வேண்டுமே! ஒரு கூட்டம் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும், அது தீர்ந்தால் இன்னொரு கூட்டம் இரும்பை வைத்து விடும். பிறகு சல்பேட்டை வைத்து மூச்சு விடுகிற பாக்டீரியாக்களின் முறை வரும். நாம் காற்றை இழுத்துக் கரிவாயு விடுகிற மாதிரி, அவை சல்பேட்டை இழுத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகின்றன. அழுகின முட்டை வாடை அதுதான். மேட்டில் கடலைக்கு உணவாக இருந்த அதே கந்தகம் இங்கே வேருக்கு நஞ்சாகிவிடுகிறது.

ஆனால் சேறு கறுத்திருக்கிறது என்றவுடன் கலங்க வேண்டாம். மண்ணில் இரும்பு தாராளமாக இருந்தால் அந்த வாயுவைப் பிடித்துக் கட்டிவிடும். இரும்புச் சல்பைடு கறுப்பு நிறம், அதனால்தான் சேறு கறுப்பு. நெற்பயிரும் சும்மா இருப்பதில்லை. தன் தாளின் வழியே காற்றை இறக்கி வேரைச் சுற்றி விடுகிறது. அதனால் நல்ல வேரின் மேல் செங்காவி படிந்திருக்கும், நுனி வெள்ளையாக இருக்கும். இரும்பு குறைந்த மணல் வயலிலும், மக்காத தழையை மிதித்துவிட்டு உடனே நட்ட வயலிலும், வடிகால் இல்லாத பள்ளத்திலும்தான் வாயு மிஞ்சிப்போய் வேரைத் தாக்கும். வேர் கறுத்து அழுகி, நாற்றமடிக்கும். சாம்பல்சத்தை எடுக்க முடியாமல் பயிர் நலியும், இலையில் செம்புள்ளி நோய் ஏறும். ஜப்பானில் இதற்கு அகியோச்சி என்று பெயர். முதலில் செழிப்பாக வளர்ந்த நெல் இலையுதிர் காலத்தில், அறுப்பு நெருங்கும்போது சரிந்துபோகும் என்பதால் அந்தப் பெயர்.

சந்தேகம் இருந்தால் ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்க. முகர்ந்தும் பாருங்க. கறுத்த சேற்றில் ஒரு பிடி எடுத்து வரப்பில் பரப்பி வையுங்க. காற்றுப் பட்டதும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் பழுப்பாகும். வயலுக்குச் செய்யவேண்டிய வைத்தியமும் அதுதான். தண்ணீரை வடித்து, மண்ணில் மெல்லிய வெடிப்பு தெரிகிற வரை விட்டு, மறுபடி பாய்ச்ச வேண்டும். நம் பெரியவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொன்னது இதைத்தான். கதிர் உருவாகும் சமயத்திலும் பூக்கும் சமயத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. தக்கைப்பூண்டோ, கொளிஞ்சியோ மிதித்தால் மக்குவதற்கு அவகாசம் கொடுத்த பிறகே நடவேண்டும். இப்படிப்பட்ட வயலுக்கு அம்மோனியம் சல்பேட் வேண்டாம், யூரியாவே போதும். அந்த வாயுவை விடுகிற பாக்டீரியாவுக்கு நாமே ஏன் தீனி போட வேண்டும்?

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழியாலும் நம்மாலும் மெதியோனினைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, தின்றுதான் பெறவேண்டும். இறகு முழுக்கக் கந்தகம் சேர்ந்த புரதம் என்பதால்தான் கோழித் தீவனத்தில் மெதியோனினைத் தனியாகச் சேர்க்கிறார்கள். மாடும் ஆடும் கொடுத்து வைத்தவை. அவற்றின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தீவனத்திலுள்ள கந்தகத்தை எடுத்துத் தாங்களே மெதியோனின் செய்துவிடும். பிறகு அந்த நுண்ணுயிர்களையே மாடு செரித்துக்கொள்ளும்.

இப்போது பெரியவர் கடலைக்கு வருவோம். மூன்றாவது யூரியாவை நிறுத்தச் சொன்னேன். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், இரண்டாம் களை கொத்தும்போது செடி ஓரமாகப் போட்டுக் கொத்திக் கிளறி, மண் அணைக்க வேண்டும். மானாவாரியானால் ஈரத்தைப் பார்த்து, 40 நாளிலிருந்து 75 நாள் வரை போடலாம். செடி ஓரமாகவே போடவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜிப்சத்தில் கந்தகத்தோடு சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கந்தகத்தை வேர் எடுக்கும். ஆனால் காய்க்கு வேண்டிய சுண்ணாம்பை, மண்ணில் இறங்குகிற விழுதும் காயும் தாங்களே பக்கத்து மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். அது கிடைக்காவிட்டால் பொக்குக் காய்தான். இறவையில் 45 நாளுக்கு மேல் மண்ணைக் கிளறினால் இறங்கின விழுது அறுந்துபோகும், அப்புறம் ஜிப்சம் போட்டும் பிரயோசனமில்லை. சுண்ணாம்பும் கந்தகமும் ஏற்கெனவே நிறைந்த நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை.

அடுத்த பட்டத்துக்கு அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டும் என்று வையுங்க. டி.ஏ.பி.யாகப் போட்டால் 43, 44 கிலோ போதும், கந்தகம் சுழி. சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை தூக்க வேண்டும். ஆனால் கூடவே சுமார் 14 கிலோ கந்தகம் வந்துவிடும். "சுமைக்கூலி கூடுமே சார்" என்றார். கூடத்தான் செய்யும். வீணாய்ப் போன இரண்டு வீச்சு யூரியாவின் விலையையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்க என்றேன். கலப்பு உரம் வாங்குவதானால் மூட்டையில் எண்களைப் பாருங்கள். 20-20-0-13 என்று நாலு எண் போட்டிருந்தால் கடைசி எண்தான் கந்தகம்.

நிலத்தில் கந்தகம் எவ்வளவு இருக்கிறது என்று மண் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். 2015 முதல் கொடுத்துவரும் மண் வள அட்டையில் கந்தகத்துக்கும் ஒரு வரி உண்டு. பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். மண் எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி ஓரம், மர நிழல் இங்கெல்லாம் எடுக்காதீங்க. உரம் போட்ட கையோடும் எடுக்க வேண்டாம். அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன்னால் எடுப்பது நல்லது.