கடையடைத்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஏறிவிடும். தையற்காரரிடம் துணி, பலகாரம் கொடுக்க வேண்டிய 42 வீடுகள், கீத பவனிக் குழு வரும் இரவுக்குக் காப்பி, கேக்குக்கு முன்பணம், குடிலுக்குப் புது சீரியல் பல்பு... இதற்கு நடுவில் நான் வேலை பார்த்த பள்ளியின் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வேறு! சகோதரிகளே, இந்தப் பட்டியல் இல்லாத கிறிஸ்தவ வீடு நம் மெட்டுகுடாவில் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. தெற்கு ரயில்வே, மத்திய ரயில்வே இரண்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 1966 அக்டோபர் 2-ஆம் தேதி தென் மத்திய ரயில்வே தொடங்கப்பட்டபோது, செகந்தராபாத்துக்கு மாற்றலாகி வந்த தமிழர்களில் என் மாமனாரும் ஒருவர். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மாமியார் நாசரேத்துக்காரர். என் கணவர் இங்கே பிறந்து தெலுங்கும் ஆங்கிலமும் படித்தவர்; தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. பிள்ளைகள் இருவருக்கும் அதே கதை. ஆக வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அத்தையும் நானும் மட்டுமே. அத்தைக்கோ கண்ணில் நீர் அழுத்தம் வந்து, 2006-க்குப் பிறகு வேதாகமத்தின் பெரிய எழுத்தும் தெரியாமல் போயிற்று.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்தை என்னிடம் கேட்டார்கள்: "லூக்கா இரண்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் வாசியேம்மா." அச்சுமுறுக்கு எண்ணெயில் இருந்தது. "இதோ வர்றேன் அத்தை" என்றேன். போகவில்லை. மறுவருடமும் கேட்டார்கள், அதற்கு மறுவருடமும் கேட்டார்கள். இரண்டு முறையும் "இதோ" என்றுதான் சொன்னேன். அதிகாலை ஆராதனையில் எப்படியும் வாசிப்பார்களே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு வந்தது 2009.

அந்த டிசம்பரை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. தனித் தெலங்கானா அமைக்கும் நடவடிக்கை தொடங்கும் என்று 9-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மத்திய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாரங்கல் அம்மா, "உங்க ஊர்க்காரர்தானே!" என்று எங்களுக்கு லட்டு கொண்டுவந்தார். சிவகங்கைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடியே சாப்பிட்டோம். 23-ஆம் தேதி, எல்லாத் தரப்பையும் கலந்து பேச வேண்டும் என்று அதே அமைச்சரிடமிருந்து இன்னோர் அறிக்கை வந்தது. இந்த முறை லட்டு வரவில்லை. அன்றிரவே ஊர் கொதித்தது, மறுநாள் பந்த். உஸ்மானியா பல்கலைக்கழகம் எங்களுக்கு எட்டிப் பிடிக்கும் தூரம்தான். தார்நாக்கா பக்கம் போனவர்கள் பாதியில் திரும்பி வந்தார்கள். ஷட்டர்கள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன.

பட்டியலில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. கேக் பேக்கரியில் இருந்தது, பேக்கரி பூட்டியிருந்தது. மகளின் பாவாடை தையற்காரரிடம். சென்னையிலிருந்து வரவேண்டிய நாத்தனார் குடும்பம் செய்தியைக் கேட்டுப் பயணத்தை ரத்து செய்துவிட்டது. கீத பவனியும் இல்லை. நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். எதற்கு? கேக்குக்காக!

மாலை ஆறு மணிக்குச் செய்ய எந்த வேலையும் இல்லை. எத்தனையோ வருடங்களில் முதல் முறையாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில் நான் சும்மா உட்கார்ந்தேன். அத்தை அந்த வருடம் எதையும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்கு உறைத்தது. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன்.

வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். அந்த அதிகாரமே ஓர் அரசாங்கக் கட்டளையில்தான் தொடங்குகிறது. அகுஸ்து ராயன் குடிமதிப்பு எழுதச் சொல்கிறான். நிறைமாதப் பெண் ஊர்விட்டு ஊர் போகிறாள். போன இடத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. அங்கே மட்டும் திட்டமிட்டபடி எது நடந்தது? எத்தனை வருடம் கேட்ட பகுதி! அமைச்சர் அறிக்கைக்கு மறுநாள் வாசித்தபோதுதான் காதில் விழுந்தது.

அவசரத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. "சிரேனியுவை விட்டுட்டியே" என்றார்கள் அத்தை, கண்ணை மூடியபடியே. அதிகாரம் முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம்! "தெரிஞ்சதை ஏன் அத்தை வாசிக்கச் சொன்னீங்க?" என்றேன். "நானே சொல்லிக்கிட்டா அது என் சத்தம்தானேம்மா" என்றார்கள்.

மகன் "முன்னணை என்றால் என்ன?" என்று கேட்டான். தன் தகப்பனார் வீட்டுத் தொழுவத்தையும், மாட்டுக்கு வைக்கோல் போடும் தொட்டியையும், அதன் ஓரம் மாடுகள் நக்கி நக்கி வழவழப்பாகிப் போனதையும் பாட்டி அரைமணி நேரம் சொன்னார்கள். பிள்ளைகள் அசையவில்லை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் வைத்தபோதும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தனவாம். எங்கள் குடில் அன்று பரண்மேல் பெட்டியிலேயே கிடந்தது.

இரவு வாரங்கல் அம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு பாக்கெட் சேமியா. "பண்டிகை நாளில் இனிப்பில்லாமல் எப்படி அக்கா?" பால் எங்களிடம் இருந்தது. பாயசத்தை இரண்டு வீட்டாருமாகக் குடித்தோம்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் பட்டியல் திரும்பவும் ஃபிரிட்ஜில் ஏறியது. வீடுகளும் 42-லிருந்து 45 ஆயின. ஆனால் 24 மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவேன். அத்தை 2012 வரை இருந்தார்கள். அதுவரை மூன்று முறை வாசித்துக் காட்டினேன். நான் சொல்லாத "இதோ"க்களையும் சேர்த்திருந்தால் ஆறு ஆகியிருக்கும்.

மகள் அந்தக் கோடை விடுமுறையில் பாட்டியிடமே அ, ஆ கற்றுக்கொண்டாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள் இப்போது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பெட்டியோடு வந்தவள், கைகால் கழுவிவிட்டு அத்தையின் பழைய வேதாகமத்தைத் திறந்தாள். சிரேனியுவில் கொஞ்சம் தடுக்கினாள். விட்டுவிடவில்லை.