மீனை மறைக்கும் குமிழி

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ஓய்வு நாள்களில் போர்ட் டிக்சன் கடலுக்குச் சிறு படகில் மீன்பிடிக்கச் செல்வோரில் சிலர், இப்போது மீன்காட்டும் கருவியும் வைத்திருக்கின்றனர். படகு நிற்கையில் கடலின் அடித்தரை திரையில் தெளிவாகத் தெரியும். மோட்டாரை முடுக்கியதும் படம் கலைந்து வெறும் புள்ளிகளாகிவிடும். கருவி பழுதென்று எண்ணிப் புதிதொன்று வாங்குவோரும் உண்டு. பணந்தான் போகிறது, குறை போவதில்லை. அது பெரும்பாலும் படகின் பின்பலகையில் இருக்கிறது.

அங்கே பொருத்தப்படும் உறுப்புக்கு டிரான்ஸ்டியூசர் என்று பெயர். காதுக்கெட்டாத ஒலியை அது கீழே அனுப்பி, எதிரொலியைத் திரும்பப் பெறுகிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஆகவே 15 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வந்துசேர, ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கே ஆகும். ஆனால் காற்று எதிர்ப்பட்டால் இவ்வொலி திரும்பிவிடும். பல மீன்களைக் காட்டிக்கொடுப்பது அவற்றின் உடலிலுள்ள காற்றுப்பையே. அதே காற்று குமிழிகளாக உறுப்பின் முகத்தடியில் ஓடினால், மீனும் தெரியாது, தரையும் தெரியாது. ஜப்பானில் புருனோ சகோதரர்கள் 1948இல் மீன்காட்டியை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். அன்றுமுதல் கருவி எவ்வளவோ மாறிவிட்டது, குமிழி மாறவில்லை.

உறுப்பை விசிறியிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளிப் பொருத்தவேண்டும். படகடியின் வரம்புகளுக்கு நேர் பின்னால் வைக்கலாகாது. பின்னிருந்து பார்க்கையில் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கமே நன்று. அங்கு இலைகள் கீழ்நோக்கி இறங்குவதால் குமிழித் தொல்லை குறைவு.

உயரந்தான் நுட்பமானது. கண்ணாடியிழைப் படகில் உறுப்பின் முகம் அடிவிளிம்புக்குக் கீழே சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கவேண்டும். மேலேறினால் குமிழியில் அகப்படும். மிகவும் தாழ்ந்தால் நீரைக் கிழித்துத் தானே குமிழி உண்டாக்கும். பால்வெட்டுவோர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும், மேலோடினால் பால் குறையும்.

முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருத்தல் வேண்டும். படகு மெல்லச் செல்கையில் மீன் திரையில் வில்போல் வளைந்து தெரிவதுண்டு. வளைவு ஏறி, இறங்காமல் நின்றால் உறுப்பின் முன்முனை தூக்கியிருக்கிறது. இறங்கும் பாதி மட்டும் தெரிந்தால் முன்முனை தாழ்ந்திருக்கிறது.

ஒருமுறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாமல், ஓட்டிப் பார்த்தே அடுத்த மாற்றம் செய்யவேண்டும். திருகை அவிழ்க்குமுன் மோட்டாரை அணைத்துவிடவேண்டும். கைக்கும் விசிறிக்கும் இடையே இருப்பது அந்த ஓரடிதான்.