கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

திருவரங்குளம்,

திருவரங்குளத்தில் இருந்து புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகும் தாய்மார்களே, சாத்தூர் சம்பவம் ஞாபகம் இருக்கிறதா?

2018 டிசம்பர் 3. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரி. ரத்த சோகையால் வாடிய கர்ப்பிணிக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. கிருமி!

வாலிபர் பரிதாபம்

கொடுத்தவர் 19 வயது வாலிபர். 2016-ல் ரத்ததான முகாமிலேயே கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை! வெளிநாட்டு வேலைக்குச் சோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. பதறிப்போய்த் தானே தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. மனம் உடைந்து தற்கொலைக்கு முயன்ற அவர், அந்த மாதக் கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. நல்லவேளை, குழந்தைக்குத் தொற்று இல்லை. தாய்க்கு 25 லட்சம் ரூபாய் வழங்க ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவிட்டது. போன நிம்மதி திரும்புமா?

கூச்சம் எதற்கு?

ரத்தத்தைச் சோதிக்காமல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். சோதித்தால் மட்டும் போதாது. முடிவை உரியவரிடம் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சோதனை இலவசம். ரகசியமும் காக்கப்படும். விவரத்துக்கு 1097-க்குப் போன் போடலாம்.

பாட்டிலை மாட்டும்போது, "சோதனை பண்ணியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் தப்பில்லை!