மூச்சை நோக்கியிருத்தல்

தியானம் துறவியர்க்கே உரியதென்பார் உளர். கதிரவெளியில் கடலருகே கற்பிக்கும் எனக்கு அது வகுப்பறைத் தேவை. 2004 திசம்பர் 26இல் நம் கரையெங்கும் ஆழிப்பேரலை மோதிய சில வாரங்களில், வடகீழ்க் கரை அகதிமுகாம் ஒன்றில் உளம் நொந்த 31 சிறார்களிடை ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு சாரார்க்கு ஆறு அமர்வுகளில் தியானமும் உடல் தளர்த்தலும். மறுசாரார்க்குப் பட்ட துயரை முறைப்பட எடுத்துரைத்தல். ஆறு திங்களின் பின் முன்னவருள் நூற்றுக்கு 71 பேரும், பின்னவருள் 81 பேரும் தேறினர் என 2009இல் ஆய்வுரை வெளியாயிற்று. பெருவேற்றுமை அன்று.

என் மாணவர் பாடத்தின் முன் ஐந்து நிமிடம் நிமிர்ந்தமர்ந்து, மூச்சின் வரவையும் போக்கையும் நோக்குவர். மனம் அலைந்தால் கடியாது மீட்பர். மந்திரமும் வேண்டா, மணையும் வேண்டா. கண்மூட அஞ்சும் பிள்ளையை நான் வற்புறுத்துவதில்லை. அப்பிள்ளை ஏதேனும் சொல்லத் தொடங்கினால், அன்றைக்குப் புணரியல் காத்திருக்கும்.