ரேஸ் கார் டயருக்கு ஜூனியர் பணம் கேட்டா... கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

"அண்ணா, ஃபார்முலா பாரத் போறோம், பிராக்டிஸ் டயருக்கு ஏதாவது பண்ணுங்க." உங்களுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கலாம். தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் அத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கே! சம்பளம் வாங்க ஆரம்பிச்ச சீனியர்தான் இந்தப் பசங்களுக்கு முதல் ஸ்பான்சர். தாராளமா கொடுங்க. ஆனா எந்த டயருக்குன்னு கேட்டுட்டுக் கொடுங்க.

மாணவர்கள் கட்டுற இந்தக் கார்கள்ல பெரும்பாலும் 10 அல்லது 13 இன்ச் ரிம். நம்ம ஏரியா டயர் கடையில 10 இன்ச் கேட்டா ஸ்கூட்டர் டயரைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. 13 இன்ச்ல சின்ன கார் டயர் கிடைக்கும். ஆனா ரேஸ் ரிம்மோட அகலம் அதிகம். குறுகலான டயரை அதுல இழுத்து மாட்டுறது ஆபத்து. அதனாலதான் பல டீம்கள் அமெரிக்காவோட ஹூசியர் மாதிரி ஸ்லிக் டயருக்குப் போறாங்க.

செலவு எகிறுறது இங்கதான். 2020 ஜூன்ல மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. சுங்க வகைப்பாட்டுல கார் டயர்ங்கிற தலைப்புக்குள்ளேயே ரேஸ் கார் டயரும் அடக்கம். அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டிஜிஎஃப்டி தளத்துல இன்றைய நிலையைப் பார்க்கச் சொல்லுங்க. டயர் விலையோட கப்பல் கட்டணம், சுங்க வரி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. (ஜிஎஸ்டி ரோட்டுல குடியிருந்துக்கிட்டு இதைச் சொல்லாம இருக்க முடியுமா!) 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆகியிருக்கு. ஆனா காலேஜுக்குப் பொதுவா இன்புட் கிரெடிட் கிடைக்காது. மொத்தமும் செலவுதான்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. புது செட் கைக்கு வந்துசேர ஒரு லட்சம், 200 கிலோமீட்டர் ஓடும்னு வைங்க. கிலோமீட்டருக்கு 500 ரூபாய். வேற டீம் ஓட்டிக் கழிச்ச செட் 20,000-க்குக் கிடைக்குது. அது 40 கிலோமீட்டரைத் தாண்டினாத்தான் லாபம். எண்டூரன்ஸ் போட்டியே ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதை ரெண்டு தடவை ஓட்டிப் பார்க்கிற தூரம். தாங்குமா? ரப்பர் இறுகியிருந்தா பரவாயில்லை, டிரைவர் பழகவும் பிரேக் சோதிக்கவும் போதும். விரிசலோ, உள்ள நூலோ தெரிஞ்சா இலவசமா கொடுத்தாலும் வேண்டாம். சஸ்பென்ஷன் செட்டப்புக்கு மட்டும் போட்டியில போடப்போற அதே டயர் வேணும். அதுக்குத்தான் நல்ல செட்டைச் சேர்த்து வைக்கணும்.

பழைய செட் தேட நல்ல இடம், கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில போட்டி முடியுற நாள். திரும்பிப் போற டீம்கள்கிட்ட பேசலாம். ஜிஎஸ்டி பில் இருக்காது, காலேஜ் அக்கவுண்ட்ஸ்ல கேள்வி வரும். அளவு, எண்ணிக்கை, தொகை எழுதி ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்ட ரசீதும், பேங்க் வழியா பணம் போன ஆதாரமும் இருக்கட்டும்.

உங்க வரி? டயரையே வாங்கிக் கொடுத்தா 80ஜி கழிவு கிடையாது, பொருளா கொடுக்கிறது கணக்குல வராது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமும் அப்படித்தான். 80ஜி அனுமதி இருக்கிற காலேஜ் டிரஸ்ட் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணி, சான்றிதழ் வாங்குங்க. புது வரிமுறையில இருந்தா இந்த அலைச்சலே வேண்டாம். எப்படிக் கொடுத்தாலும் கழிவு இல்லை!