முதல் துப்பாக்கிக்கு ஏற்ற கட்டை

துப்பாக்கி என்றதும் பலருடைய நினைவுக்கு வருவன குழலும் குண்டும் விசையுமே. இவற்றைத் தாங்கி, சுடுபவரின் தோளோடும் கன்னத்தோடும் கையோடும் இணைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே கட்டை. நெடுங்காலம் அது மரத்தாலேயே செய்யப்பட்டது. அக்ரூட் மரம் அதற்குப் பெயர் பெற்றது. இன்று அலுமினியத்தாலும் செய்கின்றனர். அதனைச் 'சேசிஸ்' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. லாரியின் சேசிசை நாம் அறிவோம். நாமக்கல்லிலும் கரூரிலும் அதன்மேல் பாடி கட்டுவார்கள். துப்பாக்கிச் சேசிசும் அத்தகையதே. நடுவே ஓர் உலோக முதுகெலும்பு. அதில் கன்னத்தாங்கி, கைப்பிடி, தோள்தகடு ஆகியவற்றைத் தனித்தனியே பூட்டி, வேண்டியவாறு நகர்த்திக்கொள்ளலாம்.

வைட்டிலாவில் தங்கிப் பயிலும் நம் நண்பர் ஒருவர் அண்மையில் குறி சுடும் பயிற்சியில் சேர்ந்தார். நெடுநாள் நிலுவையாக இருந்து கிடைத்த ஆராய்ச்சி உதவித்தொகை முழுவதையும் கொடுத்து, அலுமினியக் கட்டை பூட்டிய துப்பாக்கி ஒன்றை வாங்கிவிடலாமா என்று என்னைக் கேட்டார். வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கியின் விலை இலட்சக்கணக்கில் செல்லும். ஆதலால் பதிலை எண்ணிப் பார்த்தே சொல்லவேண்டும். பௌதிகம் பயில்பவன் என்ற முறையில் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அதாவது, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழவேண்டும். இப்பத்தையும் மேலும் கூறிட்டு 10.0 முதல் 10.9 வரை புள்ளி தருகிறார்கள். 10.5 பெறவேண்டுமானால் விலகல் 1.25 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. தோளிலிருந்து குழலின் முனை ஏறத்தாழ 1 மீட்டர் என்று கொண்டால், முனை அசையக்கூடிய அளவு இதில் பத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாள் ஒன்றின் பருமனே அது!

இந்த நுண்மை எத்துணைக் கடுமையானது என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவர் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளி பெற்றார். சராசரி 10.5-க்கும் மேல். ஆயினும் கிடைத்தது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்குச் செல்வோர் எண்மரே.

அப்படியானால் அலுமினியக் கட்டை இந்த நுண்மையைத் தந்துவிடுமா? அதைத் தருவன முதலில் குழலும், அதற்கு இசைந்த குண்டும். நல்ல போட்டித் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிச் சுட்டால், 10 மீட்டரில் குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் செல்லும். கட்டை மரமா உலோகமா என்பது அங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. மனிதன் தூக்கிப் பிடிக்கும்போதுதான் கட்டையின் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கி உடம்பில் அதே இடத்தில் வந்து அமரவேண்டும். கட்டையின் கடமை அதுவே.

மரத்திற்கு ஒரு குறை உண்டு. இடவப்பாதி மழை தொடங்கியதும் நம் அறைக் கதவுகள் நிலையோடு உரசுவதைக் காண்கிறோம். ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்காக மரம் உப்புகிறது. கட்டையும் அவ்வாறே உப்பினால், குழற்பகுதியைப் பிடித்திருக்கும் திருகுகளின் இறுக்கம் மாறும். குறியும் சற்றே இடம் பெயரலாம். வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கிகளில் பின்னுதைப்பு மிகுதி. ஆகவே அவற்றில் இது பெருந்தொல்லை. காற்றுத் துப்பாக்கியில் தொல்லை குறைவு. அலுமினியம் ஈரத்தால் உப்புவதில்லை. ஆனால் உப்புக் காற்று வீசும் கொச்சியில் அதிலுள்ள எஃகுத் திருகுகளைத் துருவினின்று காக்கவேண்டும்.

அடுத்தது எடை. விதிப்படி காற்றுத் துப்பாக்கி 5.5 கிலோகிராமுக்கு மிகக்கூடாது. சேசிசில் சிறு எடைகளைச் சேர்க்கவும் நகர்த்தவும் இடமுண்டு. தாங்கும் கையிலிருந்து ஓர் எடையை இரு மடங்கு தூரத்தில் வைத்தால், திரும்பலுக்கு அது காட்டும் தடை நான்கு மடங்காகும்; முனையின் நடுக்கம் மெதுவாகும். அதே வேளையில், முன்புறத்தைக் கீழே இழுக்கும் திருப்புவிசை இரு மடங்காகும். 60 குண்டுகளைச் சுட 75 நிமிடம் நிற்கவேண்டும். புதியவருக்கு அந்தச் சுமை முதுகில் தெரியும்.

ஆகவே முதலில் நோக்கவேண்டியது பொருத்தம். விசைக்கும் தோள்தகட்டுக்கும் உள்ள தொலைவு உம் கையின் நீளத்திற்கு ஏற்றதா? கன்னத்தை இயல்பாகச் சாய்த்ததும் கண் குறிநோக்கியின் நேரே வருகிறதா? இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குண்டு இடாத துப்பாக்கியை இலக்கை நோக்கித் தோளில் பொருத்தி, கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சு விட்டபின் திறந்து பாரும். கழுத்தை நீட்டாமலும் குனியாமலும் குறிநோக்கியின் நடுவே காண முடியுமானால் கட்டை பொருந்தியது. இல்லையேல், எத்தனை இலட்சம் கொடுத்ததாயினும் அது பிறருக்கு உரிய கட்டையே.

தொடக்கத்தில் நிற்கும் நிலை திங்களுக்குத் திங்கள் திருந்தி வரும். இன்று பொருந்தும் அளவு ஆறு திங்களில் பொருந்தாமற் போகலாம். அதனால் நண்பருக்கு நான் சொன்னது இது: ஓராண்டு கழகத்தின் துப்பாக்கியிலேயே பயிலும். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவாரும். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பாரும். பிறகு, கன்னத்தாங்கியும் தோள்தகடும் நகரக்கூடிய கட்டையைத் தேர்ந்தெடும். மூத்த சுடுநர் ஒருவர் கைமாற்றும் மரக்கட்டையாயினும் குற்றமில்லை. மேலும் மேலும் அளவுகளை மாற்றும் தேவை உமது குறிப்பேட்டிலேயே தெரிந்தால், அப்போது சேசிசுக்குச் செலவிடும். நிலுவைத் தொகை அதுவரை வங்கியில் இருக்கட்டும்.

எத்துப்பாக்கியாயினும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டின் விதிகளையும் அறிந்த பின்னரே வாங்கவேண்டும். பயிற்சியாளரின் கண்காணிப்பில், சுடுதளத்தில் மட்டுமே அதனை எடுக்கவேண்டும். அறையில் நண்பர்களுக்குக் காட்டும் விளையாட்டுப் பொருள் அன்று அது.

கருவியை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். தாளின் பருமனுக்குள் கையை நிறுத்தக் கற்பதற்கோ ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் உம்மோடு இசைந்து நிற்கும் கட்டையே உமக்கு உரிய கட்டை.