ஓலை யார் கையில்?

பிடித்த நாவலை வீட்டிலேயே பலகை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பரமபதம்தான். ஏணி இருந்த இடத்தில் வந்தியத்தேவனின் குதிரை, பாம்பு இருந்த இடத்தில் ரவிதாசன். வரைந்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆடிப் பார்த்தால் அது அதே பழைய பரமபதமாகத்தான் இருக்கும். கட்டை விழுந்தபடி காய் ஏறும், இறங்கும். ஆடுகிறவர் யோசித்து முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. கல்கியின் பொன்னியின் செல்வனில் ஒரு அத்தியாயம்கூட அப்படி நகர்வதில்லை.

நாவலை விளையாட்டாக்க நினைப்பவர் கதைச்சுருக்கம் எழுத வேண்டியதில்லை. இந்தக் கதையில் வருகிறவர்கள் ஓயாமல் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர். வாளும் குதிரையும் புயலும் இருந்தும் போர்க்களம் அதில் அபூர்வம். ஆட்கள் ஒளிந்திருந்து கேட்கிறார்கள், சேதி கொண்டுபோகிறார்கள், பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறார்கள். காஞ்சியிலிருந்து கிளம்பும் வந்தியத்தேவனிடம் இருப்பவை இரண்டு ஓலைகள். ஒன்று தஞ்சையில் நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழருக்கு, மற்றது பழையாறையில் இருக்கும் குந்தவைக்கு. வழியில் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தைப் பார்த்துவிடுகிறான். அதன்பிறகு ஓலையில் எழுதாத சேதி ஒன்றும் அவனிடம் சேர்ந்துவிடுகிறது. யாருக்கு எது தெரியும் என்பதுதான் ஐந்து பாகங்களையும் இழுத்துச் செல்கிறது. ஆகவே இந்த விளையாட்டில் ஆடுகிறவரின் வேலை ஓலை கொண்டுபோவது. மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

ஜெர்மனியின் ரெய்னர் நிட்சியா 2000-இல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை விளையாட்டாக்கியபோது இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் தோற்கடிப்பதில்லை. எல்லோரும் ஹாபிட்கள், மோதிரத்தை அழிக்கச் சேர்ந்தே போகிறார்கள். எதிரில் ஒரு கோட்டில் சௌரானின் காய் நெருங்கி வந்துகொண்டே இருக்கும். அந்த நாவலின் பெரும்போர்களைப் பின்னுக்குத் தள்ளி, நட்பையும் மோதிரத்தின் பாரத்தையும் அவர் முன்னால் வைத்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ நடுவர் குழு, இலக்கியத்தை விளையாட்டில் கொண்டுவந்ததற்கென்றே அதற்குச் சிறப்பு விருது கொடுத்தது.

பொன்னியின் செல்வனுக்குப் பலகையைக் கல்கியே வரைந்து கொடுத்துவிட்டார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் பயணம் கடம்பூர், குடந்தை, திருவையாறு, தஞ்சை, பழையாறை என்று போய்க் கோடிக்கரையில் கடலைத் தொடுகிறது, படகேறினால் இலங்கை, திரும்பி வந்தால் நாகப்பட்டினம். புத்தக பைண்டிங் கடையில் கிடைக்கும் தடித்த அட்டை இரண்டைத் துணிப் பட்டையால் இணைத்தால் மடித்து வைக்கலாம். அளவுப்படி வரைபடம் போட வேண்டாம். காஞ்சிக்கும் கடம்பூருக்கும் நடுவே உள்ள தூரத்தை அப்படியே கட்டங்களாக்கினால் முதல் அரை மணி நேரம் குதிரை ஓட்டியே தீரும். கதை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே கட்டங்களும் நெருங்கி இருக்கட்டும். கொள்ளிடத்தை மட்டும் அகலமாக வரையுங்கள். ஆடி வெள்ளத்தில் அதைத் தாண்டுவது லேசான காரியமாக இருக்கக்கூடாது.

நகர்த்துவதற்குப் பகடையைவிடத் தாயக்கட்டை நல்லது. ரசனைக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்குக்காகவும்தான். பகடையில் ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. தாயக்கட்டை இரண்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: 0, 1, 2, 3. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவது நான்கு விதம். இரண்டும் நான்கும் மும்மூன்று விதம். தாயமும் ஐந்தும் இவ்விரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. பதினாறுக்குப் பத்துத் தடவை, அதாவது பாதிக்கு மேல், இரண்டு முதல் நான்குக்குள்தான் விழும். சத்திரங்களை மூன்று மூன்று கட்டம் தள்ளி வைத்தால் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடும். கோட்டை வாசலுக்கு ஆறு அல்லது பன்னிரண்டு வேண்டும் என்று விதி வைத்தால் அங்கே உண்மையிலேயே காத்துக்கிடக்க நேரும். பாதுகாப்பான ‘மலை’ கட்டங்கள் தாயத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சத்திரங்கள் ஆக்கிக்கொள்ளலாம். தாயம் போட்டால்தான் காயை இறக்கலாம் என்ற பழைய விதியை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்த வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். ஓலையோடு கிளம்பத் துடிப்பவரை வாசலில் உட்கார வைப்பது கொடுமை.

இனி ஓலை. இதைக் கார்டாக வெட்டாமல் ஓலையாகவே செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். 300 ஜி.எஸ்.எம். அட்டையை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக நறுக்கி, உள்ளே எழுதி, மடித்து, நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறோம். நூலை அவிழ்த்துப் படிக்க யாருக்கும் தடையில்லை. ஆனால் அவிழ்த்த ஓலையை மறுபடி கட்ட முடியாது என்பது விதி. படித்துவிட்டீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. என் அண்ணன் மகள் முதன்முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துப் படித்துவிட்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, “அத்தை, இதுல ஒண்ணுமே இல்ல” என்றாள். மேசையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. விளையாட்டு உயிர்பெற்றுவிட்டது என்று அப்போது தெரிந்தது.

பழுவேட்டரையரின் பனை இலச்சினை மோதிரமும் அப்படித்தான். கார்டில் படம் போடாமல் ஒரு பித்தளை மோதிரத்தையே வைத்துவிட்டோம். வைத்திருப்பவர் அதை விரலில் போட்டுக்கொள்ள வேண்டும். தஞ்சைக் கோட்டைக்குள் அவர் கட்டை உருட்டாமலே நுழையலாம். ஆனால் அது யாரிடம் இருக்கிறது என்பதை ஒளிக்க முடியாது.

பாத்திரங்களில் கை வைக்கும்போதுதான் மனம் கேட்காது. மணிமேகலையும் வேண்டும், சேந்தன் அமுதனும் வேண்டும், குடந்தை சோதிடரும் வேண்டும். நான்கு பேர் ஆடும் பலகையில் நான்கு காய்தான் நிற்கும். தனக்கென்று ஒரு செயல் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்க்கடியான் ஒற்றன்; அவன் இருக்கும் ஊரில் ஓலை கைமாறினால் எட்டிப் பார்க்கலாம். பூங்குழலி கோடிக்கரையில் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். கடல் அவளுக்குத் தெரு. வந்தியத்தேவன் எல்லோரையும்விட வேகமாகப் போவான், போன ஊரிலெல்லாம் ஒரு சிக்கல் சீட்டை எடுத்தே ஆக வேண்டும். நாவலைப் படிக்காதவர்கூட நாலு சுற்று ஆடினால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். நந்தினியை யாரும் ஆட வேண்டாம். அவள் ரகசியச் சபதச் சீட்டுகளில் ஒன்றாக யாரோ ஒருவர் கையில் இருக்கிறாள்.

வால் நட்சத்திரம்தான் கடிகாரம். சுற்றுக்கு ஒரு கட்டம் நகர்ந்து அது கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் எங்கிருந்தாலும் ஆட்டம் கடம்பூருக்குப் போகிறது. ஆதித்த கரிகாலன் சாகும் இரவு.

விளையாட்டின் இதயம் இதுதான், அதிகம் யோசித்ததும் இதற்குத்தான். காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டு என்று சொல்லப்படும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களை அது சொல்கிறது. ஆனால் கல்கி தன் நாவலில் அந்த இருட்டறையில் வாள் யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதை வாசகரே தீர்மானிக்கும்படி விட்டார். அதனால் ‘கொலையாளி யார்’ என்று கடைசியில் உறையைப் பிரித்துப் பார்க்கும் ‘க்ளூ’ பாணி இங்கே ஒட்டாது. பதிலாக ஒரு துணிப்பை. ஒவ்வொருவரும் தன் கையிலிருக்கும் சீட்டில் ஒன்றை யாருக்கும் காட்டாமல் அதில் போட வேண்டும், விளக்கோ, கத்தியோ. குலுக்கிக் கொட்டினால் ஒரு கத்தி இருந்தாலும் இளவரசன் செத்தான். போட்டது யார் என்பது கடைசிவரை வெளிவராது. பழி மட்டும், அப்போது கடம்பூருக்குப் பக்கத்தில் நிற்கும் காய்க்குப் போகும். 2009-இல் வந்த ‘தி ரெசிஸ்டன்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் இப்படி மறைத்துப் போடும் முறை முன்பே உண்டு. அது கடம்பூர் இரவுக்கு இவ்வளவு பொருந்தும் என்பது செய்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. பை காலியான பிறகும் பேச்சு அடங்குவதில்லை. “நீதானே போட்டே?” என்று மறுநாள் காலை காபி நேரத்திலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

மிச்சம் இருப்பது மணிமகுடம். விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும். அருள்மொழிவர்மனோ கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவர் தலையில் வைக்கிறான். மகுடத்தை விட்டுக்கொடுத்தால் பத்துப் புள்ளி என்று எழுதினால் எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள், அது வியாபாரம். புள்ளியே இல்லை என்றால் யார் கொடுப்பார்கள்? பல விதமாக யோசித்த பிறகு இப்படி வைத்தோம்: அதிகப் புள்ளி எடுத்தவர் விரும்பினால் மகுடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் அவர் தோற்றவர்தான், வாங்கியவரே வென்றவர். கொடுத்தவரின் பெயரையும் தேதியையும் பலகையின் பின்புறம் எழுதி வைப்போம், அவ்வளவுதான்.

இந்த விதி ஆட்டத்தைக் கெடுக்கிறது, ஜெயித்தவரை ஜெயிக்க விட வேண்டும் என்று வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விளையாட்டாக மட்டும் பார்த்தால் இது தேவையில்லாத வால். எனக்கு எடுக்க மனமில்லை. எடுத்துவிட்டால் நாங்கள் செய்தது நான்கு பாகங்களுக்கான விளையாட்டு. ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘தியாகச் சிகரம்’.